பாளையங்கோட்டையில் தோல் டாக்டர், வண்ணார்பேட்டையில் பார்லர்: காப்பர் பெப்டைடு சீரம் பற்றி

லீவுக்கு ஊருக்கு வருகிற நம்மாட்கள் பல் டாக்டர், கண் டாக்டர், தோல் டாக்டர் எல்லாரையும் இங்கே பார்த்துவிட்டுத்தான் விமானம் ஏறுகிறோம். இந்தத் தடவை மைனிக்குக் கன்னத்தில் மங்கு. தோஹாவிலிருந்து நான் வாங்கி வந்த நீல நிறக் காப்பர் பெப்டைடு சீரமும் கையில் இருந்தது.

முதலில் வண்ணார்பேட்டையில் ஒரு பார்லர். ஏசி, சுத்தமான தரை, மரியாதையான பேச்சு. சீரம் தடவி ஊசி ரோலர் உருட்ட 2,500 ரூபாய். "சும்மா தடவினாலே தோலுக்கு அடி வரைக்கும் போயிரும்க்கா, ரோலர் போட்டா இன்னும் சீக்கிரம்" என்றாள் அந்தப் பிள்ளை. ரோலரைக் காட்டச் சொன்னேன். சில்வர் டம்ளரில் ஏதோ மருந்துத் தண்ணீருக்குள் கிடந்தது. ஒரு ஓரத்து ஊசிகள் வளைந்திருந்தன. புதுசு பிரிக்க மாட்டீர்களா என்று கேட்டால், "எல்லாருக்கும் இதான்க்கா, கழுவித்தான் வைக்கோம்" என்கிறாள். மைனியை எழுப்பிக் கூட்டி வந்துவிட்டேன். ரத்தம் படுகிற ஊசியை முகம் மாற்றி முகம் உருட்டினால் ஹெபடைடிஸ் பி முதற்கொண்டு தொற்றும். மன்னிக்கவே முடியாத காரியம் இது.

மறுநாள் சாயங்காலம் பாளையங்கோட்டையில் தோல் டாக்டர். காலையிலேயே போனில் டோக்கன் போட வேண்டும். ஃபீஸ் 400 ரூபாய். கூட்டம் இருந்தும் டாக்டரம்மா அவசரப்படவில்லை. சீட்டின் பின்பக்கம் படம் போட்டே விளக்கினார்.

1973-ல் லோரன் பிக்கார்ட் என்கிற விஞ்ஞானி மனித ரத்தப் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்தது இந்தப் பெப்டைடு. கிளைசின், ஹிஸ்டிடின், லைசின் என்று மூன்றே அமினோ அமிலம் கோத்த சின்னச் சங்கிலி; செம்பைப் பிடித்துக்கொள்ளும். செம்போடு சேர்த்து மூலக்கூறு எடை சுமார் 400 டால்டன் (மூலக்கூறை எடை போடுகிற அலகு). தோலைக் கடக்க 500 டால்டனுக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுக்கணக்கு. அளவில் தேறிவிடுகிறதே என்றேன்.

"அளவு மட்டும் போதாதும்மா" என்றார். தோலின் ஆக மேலே, ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லாத கனத்தில், செத்த செல்கள் ஓடு வேய்ந்த மாதிரி அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. இடுக்கெல்லாம் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் என்று கொழுப்பு வகைகள். இந்தப் பெப்டைடோ தண்ணீரில் கரைகிற சாதி, மின்னூட்டமும் உண்டு. கொழுப்பு அதை உள்ளே விடாது. மயிர்க்கால், வியர்வைத் துளை வழியாகக் கொஞ்சம் இறங்கலாம். அதனால்தான் சில கம்பெனிகள் பெப்டைடில் பால்மிட்டிக் அமிலம் என்கிற கொழுப்பு அமிலத்தைக் கோத்து விற்கின்றன. சில லிப்போசோம் என்கிற நுண்ணிய கொழுப்புக் குமிழுக்குள் அடைக்கின்றன.

ஆய்வகத்தில் மனிதத் தோல் துண்டை வைத்துப் பார்த்ததிலும் முடிவு ஒன்றுபோல் இல்லை. ஒரு சோதனையில் செம்பு கொஞ்சம் கடந்தது, கொஞ்சம் தோலிலேயே தங்கியது. 2015-ல் வந்த இன்னொன்றில், ஒன்பது மணி நேரத்தில் பழுதில்லாத தோலில் ஏறக்குறைய எதுவும் கடக்கவில்லை. ரோலரில் இருக்கிற மாதிரி நுண்ணூசி அழுத்திய தோலில் நன்றாகவே கடந்தது.

அப்படியானால் ரோலர் நல்லதுதானே என்று மைனி கேட்டாள். ஊசி போட்ட ஓட்டை வழியே பெப்டைடு மட்டும் போகாது. சீரத்தில் இருக்கிற வாசனைப் பொருள், பதப்படுத்தும் பொருள் எல்லாம் போகும். தடவுவதற்குச் செய்த சீரம் கிருமி நீக்கியதும் இல்லை. நுண்ணூசிச் சிகிச்சைக்குப் பிறகு மூன்று பெண்களுக்கு முகத்தில் ஒவ்வாமைக் கட்டிகள் வந்ததை 2014-ல் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். அதோடு நம் நிறத்துத் தோலில் புண்பட்ட இடம் கறுக்கும். மங்கு உள்ளவர்களுக்கு இன்னும் மோசம்.

சீரத்தைத் தூரப்போடச் சொல்லவில்லை. தடவலாம், கெடுதல் இல்லை. ஆனால் மங்குக்கு அது மருந்தில்லை, வைட்டமின் சி சீரத்தோடு ஒன்றாகப் போட்டால் செம்பு அதைக் கெடுத்துவிடும் என்றார். மைனிக்கு எழுதியது சன்ஸ்கிரீனும் இரவுக்கு ஒரு கிரீமும். நெல்லை வெயிலில் சன்ஸ்கிரீன் இல்லாமல் வேறு எது போட்டும் பயனில்லை என்பதை இரண்டு முறை சொன்னார்.

கீழேயே மெடிக்கல். கடைப்பையன் எக்ஸ்பயரி தேதியைக் காட்டி, பில் போட்டுத்தான் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை டாக்டர் கிடையாது. திங்கட்கிழமை கூட்டம் நெரியும். லீவில் வருகிறவர்கள் நடுவாரத்தில் டோக்கன் போடுங்கள்.