கோடை தாங்கும் கன்றுக்கு எந்த சினை ஊசி? நான்கு உறைவிந்து குச்சிகள்

எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன்), ஜெர்சி, கலப்பினக் காளை, நாட்டு இனமான சாஹிவால். சினை ஊசியில் பசுவுக்குச் செலுத்தும் உறைவிந்து அடைத்த குச்சிகள் இவை. சமவெளியில் கலப்பினப் பசு வைத்திருப்பவர் இந்த நான்கில் எதைக் கேட்டு வாங்குவது? பிறக்கும் கிடேரி சித்திரை வெயிலைத் தாங்குமா என்பதை வைத்துத்தான் இங்கே தரம் பிரித்திருக்கிறோம்.

குச்சியின் மேல் காளை எண், இனம், உறையவைத்த நாள், நிலையத்தின் குறியீடு இருக்கும். வெயில் தாங்கும் திறன் அதில் இருக்காது. ரத்த அளவை, அதாவது எந்த இனத்தின் பங்கு எவ்வளவு என்பதைக் கொண்டு நாமேதான் கணக்குப் போட வேண்டும். பசு 75 சதவீதம் எச்.எஃப். என்று வைத்துக்கொள்வோம். மறுபடியும் எச்.எஃப். குச்சி போட்டால் கன்று 87.5 சதவீதம் ஆகிவிடும். பாதி எச்.எஃப்., பாதி நாட்டு ரத்தக் கலப்பினக் காளை என்றால் 62.5, சாஹிவால் என்றால் 37.5.

நாட்டு மாட்டுக்கு வியர்வைச் சுரப்பி பெரிது, முடி குட்டை, தோல் கறுப்பு, உடம்புக்குள் உண்டாகும் சூடும் குறைவு. கரீபியனின் செனபோல் மாடுகளில் ஒரே மரபணு மாற்றம் முடியைக் குட்டையாக்கி வெயிலைத் தாங்க வைக்கிறது. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து அது வந்தாலே போதும். நம் மாட்டின் திறன் அப்படிப்பட்டதல்ல. பல மரபணுக்கள் சேர்ந்தது என்பதால், நாட்டு ரத்தம் குறையக் குறைய அதுவும் கரைகிறது.

அதனால் சமவெளிக்கு எச்.எஃப். குச்சியைப் பரிந்துரைக்க மாட்டோம். அது ஊட்டி, கொடைக்கானலுக்கு உரியது. ஜெர்சி உடல் சிறியது என்பதால் வெயிலில் எச்.எஃப்.பை விட மேல். ஆனாலும் தலைமுறைதோறும் அதையே போட்டால் அதே சிக்கல்தான். எங்கள் முதல் தேர்வு கலப்பினக் காளைக் குச்சி. பிரேசிலின் ஜிரொலாண்டோ இனமும் 5/8 ஹோல்ஸ்டீன், 3/8 கிர் (இந்திய நாட்டு இனம்) என்றுதான் நிலைநிறுத்தப்பட்டது. மேலே வந்த 62.5 அதே விகிதம்தான். சாஹிவால் குச்சி தாங்குதிறனில் எல்லாவற்றுக்கும் முன்னே நிற்கும். ஆனால் கிடேரி பருவத்துக்கு வரத் தாமதமாகும், பாலும் குறையும், சில மாடுகள் கன்று ஊட்டாமல் பால் இறக்காது. ஏற்கெனவே 87 சதவீதத்தைத் தாண்டி, மதியத்தில் நாக்கை நீட்டி நுரை தள்ளும் பசுவுக்கு மட்டும் அதைப் போடலாம்.

உங்கள் பசு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிய, பிற்பகல் இரண்டு மணிக்கு நிழலில் கட்டி விலா அசைவை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 60-ஐத் தாண்டினால் வெயில் அதை வாட்டுகிறது.

நல்ல காளையின் குச்சியும் கையாளும் விதத்தில் வீணாகும். மைனஸ் 196 டிகிரித் திரவ நைட்ரஜனிலிருந்து எடுத்ததும் 37 டிகிரி வெந்நீரில் 30 விநாடி வைத்து, ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் நுனியை வெட்ட வேண்டும்; உள்ளே தண்ணீர் பட்டால் விந்தணு செத்துவிடும். சட்டைப்பையில் வைத்து உருக்குபவரிடம் வெந்நீர் கேட்கத் தயங்காதீர்கள். காலையில் பருவம் தெரிந்தால் மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் ஊசி. அடுத்த ஒரு வாரம் பசு நிழலிலேயே நிற்கட்டும். கரு சூட்டுக்கு மிக எளிதில் அழிவது அந்த முதல் நாட்களில்தான்.