வழக்கறிஞர் வெபினார்: நேரலையா, பதிவா, இரண்டும் கலந்ததா?

தொடர் சட்டக் கல்விக்கு, அதாவது வழக்கறிஞர்கள் தொழிலுக்கு வந்த பின்னும் படிக்க வேண்டிய பாடங்களுக்கு, வெபினார் (இணையவழி வகுப்பு) நடத்த முன்மொழிவு அனுப்புகிறவர்கள் தலைப்பை யோசிக்கும் அளவுக்கு வடிவத்தை யோசிப்பதில்லை. ஆனால் பாட நேரம், வருகைச் சான்று, கேள்விகளைக் கையாளும் முறை மூன்றையும் வடிவம்தான் முடிவு செய்கிறது. அனுமதி கிடைத்தபின் அதை மாற்றப் போனால் பல இடங்களில் விண்ணப்பத்தையே திரும்பத் தொடங்க வேண்டியிருக்கும்.

முதலில் மணிக்கணக்கு. நியூயார்க்கில் ஒரு கிரெடிட், அதாவது வழக்கறிஞரின் கணக்கில் சேரும் பாட அலகு, 50 நிமிடம். கலிஃபோர்னியாவிலும் டெக்சாஸிலும் 60 நிமிடம். வரவேற்பும் பேச்சாளர் அறிமுகமும் பாட நேரமாகப் பொதுவாக எண்ணப்படுவதில்லை. 60 நிமிட நிகழ்ச்சியில் 6 நிமிடம் அறிமுகத்துக்குப் போனால், முதல் வகை விதியில் சேதமில்லை. இரண்டாவதில் முழுக் கிரெடிட் கிடைக்காது. இரு வகை விதிகளுக்கும் உட்பட்டவர்கள் சேர்ந்து கேட்கப் போகிறார்கள் என்றால் 70 நிமிடம் கேட்டு வாங்குங்கள்.

நேரலையின் பலம் கேள்விகள்தான். இரண்டு நாள் முன்பு வந்த தீர்ப்பைப் பற்றியும் பேசலாம். ஆனால் கேள்விகளில்தான் ஆபத்தும் இருக்கிறது. “என் கட்சிக்காரருக்கு இப்படி நடந்தது, என்ன செய்யலாம்?” என்று ஒருவர் எழுதுவார். அதை அப்படியே வாசித்தால் கட்சிக்காரரின் ரகசியம் எல்லார் காதிலும் விழும். நேராகப் பதில் சொன்னால் ஆலோசனை வழங்கியதாகிவிடும். கேள்விகள் முதலில் நெறியாளருக்கு மட்டும் போக வேண்டும். அவர் விவரங்களைக் களைந்து, “இப்படிப்பட்ட நிலையில் பொதுவாக எந்த விதி பொருந்தும்?” என்று மாற்றிக் கேட்பார். நெறியாளர் இல்லாமல் தனி ஆளாக நேரலை நடத்துவது வேண்டாம்: பேசிக்கொண்டே கேள்விப் பெட்டியையும் பார்க்கிறவர் இரண்டையும் கெடுப்பார்.

பதிவில் பேச்சு செம்மையாக இருக்கும், தடுமாறிய இடத்தை வெட்டலாம், கேட்பவர் தன் வசதிக்குப் பார்க்கலாம். ஆனால் சட்டம் மாறும், பதிவு மாறாது. மேல்முறையீட்டில் தீர்ப்பு கவிழ்ந்த மறுநாளும் அந்த வீடியோ பழைய நிலைப்பாட்டையே சொல்லிக்கொண்டிருக்கும். அதனால் முதல் ஸ்லைடிலேயே “இன்ன தேதி வரையிலான சட்டநிலை” என்று போடுங்கள். 50 நிமிடத்தை ஒரே மூச்சில் பதியாமல் 12 நிமிடத் துண்டுகளாகப் பதிந்தால், மாறிய துண்டை மட்டும் திரும்ப எடுக்கலாம்.

பதிவு என்றாலே குறைந்த மதிப்புள்ள சுயபடிப்பு என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது முழு உண்மையல்ல. கலிஃபோர்னியாவில் வழக்கறிஞர் 3 ஆண்டுக்கு 25 மணி நேரம் படிக்க வேண்டும். அதில் பாதியாவது, நடத்துபவர் வருகையைச் சரிபார்க்கும் வகையில் இருக்க வேண்டும். விதி பார்ப்பது நேரலையா பதிவா என்பதை அல்ல, சரிபார்ப்பு இருக்கிறதா என்பதைத்தான். நியூயார்க்கில் பதிவுக்கு நடுநடுவே குறியீடு தோன்றும். அதைக் குறித்துவைத்துச் சமர்ப்பிப்பவருக்குத்தான் கிரெடிட்.

நேரலையிலும் சரிபார்ப்பு தவறும், அதுவும் எதிர்பாராத இடத்தில். திரையில் வாக்கெடுப்பு (poll) வைத்து வருகை எடுத்தால், தொலைபேசி எண் வழியாக மட்டும் இணைந்தவர் அதில் வாக்களிக்க முடியாது. ஓர் அலுவலகத்தில் நான்கு பேர் ஒரே திரையின் முன் உட்கார்ந்தால் உள்நுழைவு ஒன்றுதான். மற்ற மூவரின் வருகை பதிவாகாது. அழைப்பிதழிலேயே “தனித்தனியாக, கணினி அல்லது செயலி வழியாக மட்டும்” என்று எழுதிவிட்டால் பிற்பாடு வரும் புகார் மின்னஞ்சல்கள் பாதியாகக் குறையும்.

மூன்றாவது வழி, பதிந்த பேச்சை ஓடவிட்டு, பேச்சாளர் கடைசியில் நேரலையில் வந்து பதில் சொல்வது. முதல்முறை பேசுகிறவருக்கு இதையே பரிந்துரைப்போம். பதற்றம் பதிவோடு தீர்ந்துவிடுகிறது. பேச்சு ஓடும்போதே கேள்விகளைப் படித்து, ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, பிரிவு எண்ணையும் சரிபார்த்துக்கொள்ளலாம். 45 நிமிடப் பதிவு, 15 நிமிடக் கேள்வி என்ற கணக்கு நன்றாகவே பொருந்தும். ஒரு கண்ணி மட்டும் உண்டு: திரைப்பகிர்வில் வீடியோவை ஓட்டும்போது, கணினியின் ஒலியையும் பகிரும் தெரிவைத் தனியாகச் சொடுக்க வேண்டும். மறந்தால் ஊமைப்படம்தான்.

முன்மொழிவும் வடிவத்துக்கு வடிவம் மாறும். நேரலைக்கு நெறியாளர் யார் என்றும், அவசரத்துக்கு மாற்றுப் பேச்சாளர் யார் என்றும் சொல்லுங்கள். பதிவுக்கு எத்தனை மாதம் கழித்து மறுபார்வை, யார் செய்வார் என்று சொல்லுங்கள். மூன்றுக்கும் பொதுவானவை: குறுகிய தலைப்பு, மூன்று கற்றல் பலன்கள், நிமிடக் கணக்கோடு உள்ளடக்கம், தொடக்க நிலையா மேல்நிலையா என்ற குறிப்பு. “மின்னணு ஆதாரம்” என்ற தலைப்பில் ஒரு பருவமே பாடம் நடத்தலாம். “அரட்டைச் செயலி ஸ்கிரீன்ஷாட்டைத் தாக்கல் செய்யும்போது வரும் ஐந்து ஆட்சேபணைகள்” 50 நிமிடத்தில் அடங்கும். பலன்களில் “புரிந்துகொள்வார்” என்று எழுதாதீர்கள். “ஆட்சேபணை மனுவை வரைவார்” என்பது போல, செய்து காட்டக்கூடியதை எழுதுங்கள்.

தொழில் நெறிமுறை கிரெடிட் கேட்பதானால் அதற்கென்று தனி நிமிடங்களை உள்ளடக்கத்தில் காட்டுங்கள். பேச்சு முழுக்க நெறிமுறை கலந்திருக்கிறது என்ற விளக்கம் பெரும்பாலும் எடுபடாது.

குழு விவாதத்தை மூன்று பேருக்கு மேல் போகவிடாதீர்கள். நான்கு பேர் 50 நிமிடத்தைப் பங்கிட்டால், தம்மை அறிமுகப்படுத்துவதற்கும் முன்னவர் சொன்னதை ஆமோதிப்பதற்கும் ஆளுக்கு 3 நிமிடம் போனாலே 12 நிமிடம் காலி. ஒத்திகையை நிகழ்ச்சியன்று பயன்படுத்தப்போகும் அதே கணினியில், அதே மைக்கில், அதே அறையில் வையுங்கள். மின்னஞ்சல் அறிவிப்புகளையும் அணைத்துவிடுங்கள்: திரைப்பகிர்வின் நடுவே கட்சிக்காரரின் பெயரோடு ஓர் அறிவிப்பு எட்டிப் பார்த்தால், பதிவாக இருந்தால் வெட்டலாம், நேரலையில் பார்த்தவர்கள் பார்த்ததுதான்.