முள்ளியோடு ஒன்பது வருடம்: ஒரு கம்பிமுடி வேட்டை நாயை வீட்டில் வளர்த்த அனுபவம்

ஜெர்மன் வயர்ஹேர்டு பாயின்டர் வாங்குவதற்கு முன் நான் படித்த குறிப்புகளில் எல்லாம் ஒரு வரி தவறாமல் இருந்தது: முடி அதிகம் கொட்டாது, பராமரிப்பும் குறைவு. கொட்டுமா கொட்டாதா என்பதை என் காலுறைகளிடம் கேளுங்கள். மற்ற நாய்களின் முடி உருண்டு திரண்டு மூலையில் கிடக்கும். இந்த முடி ஊசி மாதிரி துணியில் குத்தி நிற்கும், துவைத்தாலும் போகாது. அதனால்தான் அவளுக்கு முள்ளி என்று பெயர்.

குட்டியாக வந்தபோது முள் எதுவும் இல்லை, மெத்தென்று இருந்தாள். எட்டு வாரக் குட்டியைப் பார்த்து முடி எப்படி வரும் என்று சொல்வது கஷ்டம். நல்ல முடி என்றால் மேல்முடி 2 முதல் 4 செ.மீ. நீளத்தில், கரகரவென்று, உடம்போடு படிந்து இருக்க வேண்டும். அடியில் நெருக்கமான உள்முடி. குளத்தில் இறங்கிவிட்டு வந்தால் இரண்டு உதறு உதறுவாள், முக்கால்வாசித் தண்ணீர் போய்விடும். முட்புதருக்குள் புகுந்தாலும் கீறல் அபூர்வம்.

அந்த முடியைக் கெடுத்தவன் நான்தான். அவளுக்கு இரண்டு வயது இருக்கும்போது முடி வெட்டும் இடத்துக்குக் கூட்டிப் போனேன். "ஒரு தடவை மெஷின் போட்டா என்ன ஆகிடப் போகுது சார்?" என்றார் அங்கிருந்தவர். நானும் சரி என்றேன். மெஷின், முதிர்ந்த முடியின் நுனியை மட்டும்தான் வெட்டும். வேர் உள்ளேயே நின்றுவிடும். மென்மையான உள்முடி மேலே வந்தது, நிறம் வெளுத்தது, சேறு அப்பினால் உதிராமல் ஒட்டியது. பழைய கரகரப்பு திரும்ப ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

இப்போது கையால்தான் பறிக்கிறேன். விரலுக்கு ரப்பர் உறை மாட்டிக்கொண்டு, நாலைந்து முடியாகப் பிடித்து, வளரும் திசையிலேயே இழுக்க வேண்டும். முதிர்ந்த முடி என்றால் பழுத்த இலை போலக் கையோடு வரும். வராவிட்டால் விட்டுவிட வேண்டும், இன்னும் பருவம் வரவில்லை என்று அர்த்தம். வருடத்துக்கு இரண்டு முறை, தினம் அரை மணி நேரம், ஒரு வாரம். முள்ளி பாதியில் தூங்கிவிடுவாள். வாரம் ஒரு சீப்பு போடுவதோடு முடி வேலை அவ்வளவுதான். குளிப்பாட்டுவது மிகக் குறைவு.

தாடி தனிக்கதை. தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்ந்தால் பாதி வயிற்றுக்குள், பாதி தரையில். தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும். ஈரம் தங்கினால் தாடி நாறும், தாடைத் தோலும் சிவந்துவிடும். சாப்பிட்டதும் வெறும் தண்ணீரில் அலசித் துடைத்தால் போதும். விருந்தாளி மடியில் அவள் தாடியை வைப்பதற்குள் துடைத்துவிட வேண்டும், அதில்தான் நான் அடிக்கடி தோற்கிறேன்.

உண்மையான வேலை முடியில் இல்லை, மூக்கில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மானிய வேட்டைக்காரர்கள் எல்லா வேலையும் தெரிந்த ஒரே நாய் வேண்டும் என்று உருவாக்கிய இனம் இது. வயலில் பறவை பதுங்கிய இடத்தை அசையாமல் நின்று காட்ட வேண்டும், தண்ணீரில் விழுந்ததை எடுத்து வர வேண்டும், அடிபட்ட மானை ரத்த வாடை பிடித்துத் தேட வேண்டும். 1902இல் அங்கே இந்த இனத்துக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். அப்படிப்பட்ட நாயை, துப்பாக்கியே தொடாத நான் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும்?

ஐந்தடி வேலியைத் தாண்டினாள். ஒரு சோபாவைக் குடைந்தாள். நான் இன்னும் அதிகமாக ஓடவிட்டேன். அதனால் இன்னும் அதிகமாக ஓடத் தெரிந்த நாய்தான் கிடைத்தது. வழி காட்டியது ஒரு பழைய கையுறை. அவளை வெளியே நிறுத்திவிட்டு அதை வீட்டுக்குள் ஒளித்து வைப்பேன். கதவைத் திறந்ததும் மூக்கைத் தூக்கிக் காற்றை வாங்குவாள், அப்புறம் வளைந்து வளைந்து நெருங்குவாள். இருபது நிமிடம் தேடியபின் வருகிற அசதி, ஒரு மணி நேர ஓட்டத்தில் வராது. தினம் இரண்டு மணி நேர நடை இப்போதும் உண்டு. ஆனால் கையுறை இல்லாத நாளில்தான் வீட்டில் ஏதாவது உடையும்.

புறாவைக் கண்டால் மட்டும் உலகம் நின்றுவிடும். ஒரு முன்னங்கால் மடங்கி, உடம்பு கம்பியாக, மூக்கு நுனி மட்டும் துடிக்கும். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்கள் வீட்டுப் பூனை அவளுக்குக் குடும்பம், வெளியே தெரியும் பூனை எல்லாம் வேட்டை. அதனால் திறந்தவெளியில் பத்து மீட்டர் கயிறு இல்லாமல் விடுவதில்லை. கத்திக் கூப்பிட்டால் வரமாட்டாள், விசிலுக்கு வருவாள். அதட்டினால் அன்று முழுக்க முகம் கொடுக்கமாட்டாள்.

உடம்புக்கு வந்தால், எங்களை அதிகம் படுத்தியது புல் விதை. ஒருநாள் லேசாக நொண்டினாள். விரலிடுக்கில் பட்டாணி அளவு வீக்கம். மருத்துவர் கீறி எடுத்தது ஒரே ஒரு புல் விதை. அதன் முள் முன்னோக்கித்தான் நகரும், பின்னால் வராது. கம்பிமுடிக்குள் அது கண்ணுக்கே தெரியாது. அன்றிலிருந்து நடை முடிந்ததும் விரலிடுக்கு, அக்குள், காது மடல் என்று விரலால் தடவிப் பார்க்கிறேன். தொங்கும் காது என்பதால் நீந்திய பிறகு துடைத்துக் காயவிடுவதும் உண்டு.

ஆழமான மார்பு உள்ள நாய்களுக்கு இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. அதனால் உணவை இரண்டு வேளையாகப் பிரித்துவிட்டேன். சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் ஓட்டம் கிடையாது. வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராமல் தவித்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. குட்டி வாங்குபவர்கள் பெற்றோரின் இடுப்பு எக்ஸ்ரேயையும், வான் வில்லிபிராண்டு என்ற, ரத்தம் சரியாக உறையாத பரம்பரைக் குறைபாட்டுக்கான மரபணுச் சோதனையையும் கேளுங்கள். நான் கேட்கவில்லை. கருத்தடை அறுவைக்கு முன் மருத்துவர் கேட்டபோதுதான் அப்படி ஒன்று இருப்பதே தெரியும். சோதித்ததில் முள்ளிக்கு இல்லை என்று வந்தது. அதற்குள் ஒரு வாரம் தூக்கம் போனது.

பகல் முழுக்க வீடு பூட்டிக் கிடக்கும் என்றால் இந்த இனம் வேண்டாம். முதல் மூன்று வருடத்தில் இவளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று இரண்டு முறை நினைத்தேன், வீட்டில் விடவில்லை. இப்போது தாடி பாதி நரைத்துவிட்டது. காரில் ஏறும்முன் ஒரு நொடி யோசிக்கிறாள், நான் பின்னங்காலைத் தூக்கிவிடுகிறேன். கையுறையைக் கண்டுபிடிக்க மட்டும் இன்னும் அதே நேரம்தான் ஆகிறது. ஒளித்து வைக்கப் புதிய இடம் தேடித்தான் நான் திண்டாடுகிறேன்.