வாசிக்க முடியாத எழுத்தும் தட்டி எடுத்த செம்பும்

கும்பகோணத்தில் அப்பா பாத்திரக்கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாத்திரத்தில் பெயர் வெட்டுவது என் வேலை. சின்ன உளி, சின்ன சுத்தியல், புள்ளி புள்ளியாய் எழுத்து. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னை ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் கலைஞர் கிராமத்து அருங்காட்சியகத்தை நான் பார்த்தது ஒரு பாத்திரக்கடைப் பையனின் கண்ணால்தான்.

கடையை இப்போது அண்ணன் பார்த்துக்கொள்கிறார். சென்னை வந்தவரை மாமல்லபுரம் கூட்டிப்போகிறேன் என்று சொல்லி, பாதி வழியில் இங்கே இறக்கிவிட்டேன். "டேய், சிலை பாக்கணும்னா சுவாமிமலையிலேயே பாத்துருப்பேனே" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் உள்ளே வந்தார்.

1966-ல் தொடங்கிய இடம் இது. அப்போது சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணி, கைவினைப் பொருள் எல்லாம் செய்து விற்று, சேர்ந்த காசில் கடலோரம் சுமார் 10 ஏக்கர் வாங்கிக் குடியேறினார்கள். படம் விற்றுச் சாப்பிட முடியாது என்று தெரிந்தவர்கள். எனக்கு இவர்களைப் பிடித்துப்போனதே இந்தக் கணக்கினால்தான்.

உள்ளே ஓவியமும் சிற்பமும் ஒரே கூரையின் கீழ். இங்கே பி.வி. ஜானகிராமின் செம்புத் தகட்டுச் சிற்பத்துக்கு முன்னால் அண்ணன் நின்றவர், நகரவே இல்லை. கல்லைக் குடைந்தோ மெழுகில் வார்த்தோ செய்யாமல், தகட்டைத் தட்டித் தட்டி உருவம் கொண்டுவந்திருக்கிறார் ஜானகிராம். கண், நகை, உடை மடிப்பு எல்லாம் மேலே பற்றவைத்த கம்பி. அதாவது, தகடுதான் தாள், கம்பிதான் பேனா. சுற்றிவந்து பார்க்க வேண்டிய சிற்பமும் இல்லை இது. மூலவருக்குச் சாத்திய கவசம் மாதிரி நேரே முன்னால் நின்று பார்க்க வேண்டியது. அண்ணன் குனிந்து சுத்தியல் தடங்களைப் பார்த்தார். குடத்துக்குத் தட்டுகிற கன்னார் தடம் தெரியாமல் தேய்த்துவிடுவார். இவர் வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறார். களிம்பையும் புளி போட்டுத் துலக்கவில்லை, அதையே நிறமாக்கிக்கொண்டார்.

"எத்தன கிலோ இருக்கும்?" என்று கேட்டார் அண்ணன். தொழில் புத்தி. ஆனால் நியாயமான கேள்வி. பார்க்கக் கனமாக இருக்கிறது, உள்ளே வெற்று. தூக்கிப் பார்க்கவா முடியும்?

நான் மாட்டிக்கொண்டது பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில். 1963-ல் ஆரம்பித்து கடைசிவரை வரைந்தார். தூரத்தில் நின்றால் யாரோ பழைய ஜாதகத்தைப் பிரித்து வைத்தது போல இருக்கும். கட்டங்கள், வரிவரியாக எழுத்து, நடுவே ஒரு மீன், ஒரு பாம்பு, கூட்டல் குறி. கிட்டப் போனால் அந்த எழுத்து மலையாளம் மாதிரி வளைகிறது, ஆனால் மலையாளம் இல்லை. எதுவுமே இல்லை! இரண்டு நிமிஷம் வாசிக்க முயன்றுவிட்டுத்தான் ஏமாந்தது புரிந்தது. சிரிப்பு வந்துவிட்டது.

கடைக்குச் சௌராஷ்டிரக்காரர்கள் வருவார்கள், தெலுங்கு பேசுகிறவர்கள் வருவார்கள். சிலர் ஒரு துண்டுக் காகிதத்தில் பெயர் எழுதிக் கொடுப்பார்கள். எனக்குத் தெரியாத எழுத்து. பார்த்து அப்படியே வெட்டுவேன். வாசிக்கத் தெரியாதபோதுதான் எழுத்தின் வளைவு, கொக்கி, வால் எல்லாம் கண்ணில் படும். அந்த வயசுக்கு அப்புறம் எழுத்தை நான் அப்படிப் பார்த்தது இந்தப் படங்களில்தான்.

பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபாலும் சிற்பி. செம்பு, பித்தளை, நடுநடுவே எனாமல் நிறம், மேலே மேலே ஏறிப்போகும் உருவங்கள். அப்பா துணியில் எழுதினார், மகன் உலோகத்தில் கிறுக்கினார் என்று எனக்குத் தோன்றியது. ஜானகிராம் அளவுக்கு இவை என்னைப் பிடித்து நிறுத்தவில்லை. கொஞ்சம் நகை அதிகம். அண்ணன் இதை ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கு நந்தகோபால்தான், "இதுலதான் கைவேலை ஜாஸ்தி" என்றார்.

வெளியே தோட்டத்தில் கருங்கல் சிற்பங்கள். மதியம் ஒன்றரைக்கு அங்கே போனது என் முட்டாள்தனம், வெயில் மண்டையைப் பிளந்தது. காலையிலேயே போய், முதலில் தோட்டத்தை முடித்துவிட்டு உள்ளே நுழையுங்கள். இரண்டு மணி நேரம் தாராளமாக வேண்டும். நாங்கள் மூன்று எடுத்துக்கொண்டோம். மாமல்லபுரம் போகவில்லை.

திரும்புகிற வழியெல்லாம் ஒரே சண்டை: ஜானகிராமின் கம்பியைத் தகட்டோடு பிடித்திருப்பது ஈயப் பற்றா, பித்தளைப் பற்றா? அண்ணன் பித்தளை என்கிறார். அடுத்த தடவை பூதக்கண்ணாடி கொண்டுவருகிறாராம்.