84 கிலோவும் 47 கிலோவும் ஒரே கயிற்றில்: எந்த ஏற்பாடு தாங்கும்?

பாறை ஏறும் கயிற்றின் ஒரு முனையில் 84 கிலோ, மறுமுனையில் 47 கிலோ. கனமானவர் மேலே கைவிட்டால் என்ன ஆகும்? கிணற்று ராட்டினத்தில் நிறைகுடம் சரிந்தால் கயிற்றைப் பிடித்திருக்கும் சின்னப் பிள்ளையும் சேர்ந்து மேலே போகுமே, அதே கதைதான். கீழே கயிற்றைப் பிடித்து அவரைப் பாதுகாப்பவர், அதாவது பிலே செய்பவர், தரையை விட்டுக் கிளம்பிவிடுவார்.

அந்த 84 நான். 47 என் அக்கா மகள், ஓசூரில் கல்லூரியில் படிக்கிறாள். கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள கரடுகளில் விடியற்காலையில் ஏற எனக்கு அவளை விட்டால் ஆளில்லை, அவளுக்கும் என்னை விட்டால் ஆளில்லை. "மாமா, நீங்க பத்து கிலோ குறைச்சா பாதிப் பிரச்சினை தீர்ந்துடும்" என்பது அவளுடைய யோசனை. அதைத் தனியாக வைத்துக்கொள்வோம். மற்ற வழிகளைப் பார்க்கலாம்.

முதலில் கணக்கு. டாப் ரோப்பில் கயிறு கீழிருந்து மேலே போய், உச்சியில் மாட்டிய கேரபினரில் (திறந்து மூடும் உலோக வளையம்) திரும்பி, ஏறுபவரிடம் இறங்குகிறது. அந்தத் திருப்பத்தில் உராய்வு கொஞ்சம் பாரத்தை வாங்கிக்கொள்ளும். ஏறுபவர் அசையாமல் தொங்கினால் அவர் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மறுபக்கம் வரும். எனக்கு அது 56 கிலோ. 47 கிலோவால் அதை எதிர்த்து நிற்க முடியாது, மெதுவாகவாவது மேலே இழுபடத்தான் செய்யும். இது தொங்குவதற்கான கணக்கு மட்டுமே. லீடில், அதாவது கயிற்றை இடையிடையே பாறையில் அடித்த போல்ட்டில் மாட்டிக்கொண்டு முன்னால் ஏறும்போது விழுந்தால், சில மீட்டர் விழுந்த வேகமும் சேர்ந்துகொள்ளும். கீழே இருப்பவர் முதல் போல்ட் வரை பறந்துபோய்ப் பாறையில் மோதுவார். அவர் எவ்வளவு மேலே போகிறாரோ, விழுபவர் அவ்வளவு கூடுதலாகக் கீழே வருவார். இரண்டாவது, மூன்றாவது போல்ட் உயரத்தில் அந்தக் கூடுதல் தூரம் போதும், தரையைத் தொட.

நம்ம ஊர்ப் பாறைக்கு ஒரு சலுகை உண்டு. என்ஹெச் 44இல் போகும்போது இருபுறமும் தெரியும் வழுவழுப்பான கருங்கல் முதுகுகளில் பல, செங்குத்து அல்ல, சாய்வு. சாய்வில் கால் நிற்கும். விழுந்தாலும் அது சறுக்கல்தான், கயிற்றுக்கு முழு எடையும் போகாது. ஆனால் இதை நம்பி ஏமாறக் கூடாது. அதே பாறை மேலே போய் நிமிர்ந்து நிற்கும், அங்கே கணக்கு பழையபடி ஆகிவிடும்.

இனி வழிகள். பயன் குறைந்தவற்றை முதலில் முடித்துவிடலாம்.

பிலே கருவியை மாற்றினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பெட்ஸல் நிறுவனத்தின் கிரிகிரி 1991இலிருந்து இருக்கிறது. கயிறு வெடுக்கென்று இழுபட்டால் அதற்குள் இருக்கும் கேம் என்ற சுழலும் துண்டு திரும்பிக் கயிற்றை அழுத்திப் பிடிக்கும். பாறையில் மோதி அவள் கை நழுவினாலும் கயிறு ஓடிவிடாமல் இருக்க அது உதவும். அந்த வகையில் கேம் இல்லாத சாதாரணக் கருவியான ஏடிசியை விட மேல், எடை வித்தியாசம் உள்ள ஜோடி அதைத்தான் வைத்திருக்க வேண்டும். ஆனால் அவள் மேலே போவதை அது தடுக்காது, கயிற்றை வழுக்க விடாததால் இன்னும் வெடுக்கென்று தூக்கும். இன்னொன்றும் உண்டு. முதல் போல்ட்டில் கயிற்றை மாட்டும் குவிக்டிராவில் போய் இடித்துக்கொண்டால் கேம் பிடியை விட்டுவிட வாய்ப்புண்டு. பிலே செய்பவர் அங்கே வரை போகவே விடக் கூடாது.

உச்சியில் ஒன்றுக்கு இரண்டு கேரபினர் மாட்டினால் உராய்வு இரட்டிப்பாகும் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆகாது. உராய்வைத் தீர்மானிப்பது கயிறு மொத்தம் எத்தனை டிகிரி சுற்றுகிறது என்பது. ஒன்றில் திரும்பினாலும் இரண்டில் திரும்பினாலும் அரை வட்டம் அரை வட்டம்தான். உள்ளரங்கச் சுவர்களில் மேலே உள்ள இரும்புக் குழாயில் கயிற்றை ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றுகிறார்களே, அது வேலை செய்வதற்குக் காரணம் அந்த முழு வட்டம். பாறையில் அப்படிச் சுற்றக் குழாய் எங்கே இருக்கிறது? விளிம்பில் உரசவிட்டு உராய்வைக் கூட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அவர் கயிற்றில் அதைச் செய்யச் சொல்லுங்கள்.

மூன்றாவது ஆள் வந்து கயிற்றின் வால் பக்கத்தைப் பிடித்துக்கொள்வதும் இதே ரகம்தான். பிலே செய்பவர் கையை விட்டால் காப்பாற்றும். அவர் தூக்கப்படுவதைத் தடுக்காது. அதற்கு அந்த மூன்றாவது ஆளையும் பிலே செய்பவரின் ஹார்னஸில் (இடுப்பில் மாட்டும் பாதுகாப்புப் பட்டை) கட்டியாக வேண்டும்.

மணல் மூட்டைக்கு வருவோம். கணக்குப்படி பார்த்தால் அழகான வழி. அரிசிச் சிப்பம் வந்த சாக்கில் 25 கிலோ எம்-சாண்ட் கட்டினால் 47 என்பது 72 ஆகிவிடும், என் 56ஐத் தாங்கும். உள்ளரங்கத்தில் சமதளத் தரை, மூட்டை அங்கேயே கிடக்கும், சரி. கரட்டில் முதல் கேள்வி, அந்த 25 கிலோவை முள்ளுக்காட்டு வழியாக யார் சுமந்துபோவது? (பதில் தெரிந்ததுதான்.) கொண்டுபோனாலும், பாறை அடிவாரத்தில் சமதளம் கிடையாது. மூட்டை உருண்டால் அவளையும் இழுக்கும். விழும்போது மூட்டையைக் கட்டிய ஸ்லிங் (பட்டை வளையம்) விறைத்து மூட்டை ஒரு குதி குதித்து இறங்கும், அந்த அடி இடுப்பெலும்பில் விழும். வேண்டாம்.

பிலே செய்பவரைத் தரையில் கட்டிப்போடுவது இதைவிட நல்லது, சுமை எதுவும் வேண்டாம், புளியமரம் போதும். மரம் இல்லாத இடத்தில் நன்றாக மண்ணில் பதிந்து உட்கார்ந்த பெரிய கல். மண் மேல் சும்மா நிற்கும் குண்டுக்கல் எவ்வளவு பெரிதானாலும் அதில் கட்டக் கூடாது.

இதில் நுணுக்கம் மூன்று இடத்தில் இருக்கிறது. ஒன்று, நேர்கோடு. கட்டிய இடம், பிலே செய்பவர், கயிறு மேலே போகும் திசை மூன்றும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும். கோணலாக இருந்தால் கயிறு இறுகும்போது அவரைப் பக்கவாட்டில் இழுத்துச் சாய்க்கும். இரண்டு, மாட்டும் இடம். ஹார்னஸின் முதுகுப் பக்க வளையத்தில் கட்டினால், முன்னால் மேலே இழுக்க, பின்னால் கீழே இழுக்க, இடுப்பு நடுவில் முறுக்கிக்கொள்ளும். முன்பக்கம் பிலே கருவி மாட்டும் வளையத்திலேயே கட்டு வர வேண்டும். அப்போதுதான் பாரம் ஆளின் உடம்பு வழியாகப் போகாமல் நேராக மரத்துக்குப் போகும். மூன்று, தளர்ச்சி. முக்கியமானது இதுதான். கட்டும் கயிற்றை விறைப்பாகப் போட்டால் பிலே செய்பவர் மரத்தோடு மரமாக நிற்பார், விழுபவருக்குப் பிடி கல்லில் அடித்ததுபோல் இருக்கும். மேலே கல் உருண்டாலும் நகர முடியாது. அரை மீட்டர், முக்கால் மீட்டர் தளர்ச்சி விட்டால், அவள் கொஞ்சம் எழும்புவாள், என் விழுகை மென்மையாக நிற்கும், அதற்கு மேல் கட்டு பிடித்துக்கொள்ளும். நாங்கள் ஏறும் கயிற்றின் மிச்ச முனையையே மரத்திலிருந்து கொண்டுவந்து குளோவ் ஹிட்ச் என்ற முடிச்சுப் போடுகிறோம். அவள் நிற்கும் இடம் மாறினால் முடிச்சைத் தளர்த்தி நீளத்தைச் சரிசெய்துகொள்ளலாம், அவிழ்க்க வேண்டியதில்லை.

காசு செலவழிக்கத் தயார் என்றால் எடெல்ரிட் நிறுவனத்தின் ஓம் இருக்கிறது. ஜெர்மன் கம்பெனி, 2016இல் சந்தைக்கு வந்தது. அரைக் கிலோ சுமாருக்கு எடை, முதல் போல்ட்டில் குவிக்டிராவுக்குப் பதிலாக மாட்டுவது. சாதாரணமாகக் கயிறு அதன் வழியாக ஓடும். வெடுக்கென்று இழுத்தால் கருவி நிமிர்ந்து, கயிறு உள்ளே ஒரு குறுகிய பள்ளத்தில் சிக்கி உராயும், அவ்வளவுதான். அந்த உராய்வு பிலே செய்பவர் மேல் வரும் பாரத்தைக் கணிசமாகக் குறைத்துவிடும். பிலே செய்பவர் குறைந்தது 40 கிலோ இருக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் நிபந்தனை. அவள் தேறிவிடுவாள். பிலே செய்பவர் பாறையை ஒட்டி நிற்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் விலகி நின்றால்தான் அது சரியாக நிமிரும். அவசரமாகக் கயிறு கேட்டுச் சுண்டி இழுத்தாலும் சில நேரம் பிடித்துக்கொள்ளும், மேலே இருப்பவர் திட்டுவார்.

நல்ல கருவி, சந்தேகமே இல்லை. கர்நாடகத்தின் பாதாமியில் மணற்பாறைச் சுவர்களில் வரிசையாகப் போல்ட் அடித்த வழிகளில் ஏறப்போகிறீர்கள் என்றால் மரத்தில் கட்டுவதைவிட இதைத்தான் சொல்வேன். பிலே செய்பவர் சுதந்திரமாக நடமாடலாம், கயிற்றுப் பிடியும் மென்மை. ஆனால் முதல் போல்ட் இருந்தால்தான் ஓம். நம் கரடுகளில் பெரும்பாலும் போல்ட் கிடையாது. கிருஷ்ணகிரிக் கோட்டை மலையும் ராயக்கோட்டை மலையும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை, அங்கே டிரில்லைக் கையில் எடுப்பதை நினைத்தே பார்க்கக் கூடாது. (1791இல் மேக்ஸ்வெல் தலைமையில் வந்த கம்பெனிப் படையாலேயே கிருஷ்ணகிரி மேல்கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. பார்த்தால் ஏன் என்று புரியும்.) கைவிட்ட கல்குவாரிச் சுவர்களும் கண்ணை இழுக்கும், செங்குத்தாக, பார்க்க அருமையாக இருக்கும். வெடி வைத்துப் பிளந்த பாறை அது, உள்ளுக்குள் விரிசல் ஓடியிருக்கும். எடை வித்தியாசம் எல்லாம் அப்புறம், அங்கே ஏறவே வேண்டாம்.

கடைசியாக, எங்களுக்குச் சரிப்பட்டது. மேலே போய் உட்கார்ந்து பிலே செய்வது.

நம் கரடுகளில் ஒரு பக்கம் சுவர் என்றால் மறுபக்கம் ஆடு மேய்ப்பவர்கள் நடந்து போகும் சரிவு இருக்கும். அந்த வழியாக அவள் கயிற்றோடு உச்சிக்குப் போய்விடுவாள். அங்கே ஒன்றையொன்று நம்பியிராத இரண்டு பிடிமானங்கள், பெரும்பாலும் ஒரு மரமும் ஒரு பதிந்த கல்லும், ஸ்லிங்கால் சேர்த்து ஆங்கர். அதில் தன்னைக் கட்டிக்கொள்வாள். விளிம்பில் பழைய சாக்கை நாலாக மடித்துப் போட்டு, நகராமல் அதையும் கட்டிவிடுவாள். ஆங்கரிலேயே பேரிக்காய் வடிவப் பூட்டுக் கேரபினர் ஒன்று, அதில் முன்டர் முடிச்சு. சுவிட்சர்லாந்து மலை வழிகாட்டி வெர்னர் முன்டர் பெயரில் வழங்குவது, தனிக் கருவி எதுவும் தேவையில்லை. கயிறு நேராகக் கீழே என்னிடம் வரும்.

இதில் ராட்டினமே கிடையாது என்பதைக் கவனியுங்கள். நான் விழுந்தால் என் 84 கிலோவும் மரத்துக்கும் கல்லுக்கும் போகிறது. அவள் கையில் வருவது முடிச்சின் உராய்வு போக மிஞ்சும் சிறு பங்கு. பிலே செய்பவர் 47 கிலோவா 97 கிலோவா என்பது இங்கே கேள்வியே இல்லை.

இரண்டாவது லாபம், கயிறு நீளுவது குறைவு. ஏறுவதற்கான டைனமிக் (நீண்டு கொடுக்கும்) கயிறு 80 கிலோ தொங்கினால் 10 சதவீதம் வரை நீளலாம் என்பது தர விதி, நல்ல கயிறுகள் 8 சதவீதத்தை ஒட்டி இருக்கும். 20 மீட்டர் பாறை என்று வையுங்கள். டாப் ரோப்பில் நான் அடியில் இருக்கும்போது ஏறுபக்கம் 20, இறங்குபக்கம் 20, மொத்தம் 40 மீட்டர் கயிறு வெளியே. நான் தொங்கினால் இரண்டு பக்கமும் சேர்ந்து இரண்டரை மீட்டர் நீளும். அதோடு அவள் ஒரு மீட்டர் எழும்பினால் மூன்றரை. முதல் நான்கு மீட்டரில் விழுந்தால் தரையில்தான் உட்காருவேன். மேலிருந்து பிலே செய்தால் வெளியே இருப்பது 20 மீட்டர், நீளுவது ஒன்றரை மீட்டர் சொச்சம், எழும்புதல் பூஜ்யம். மூன்று மீட்டருக்கு மேல் போய்விட்டால் நிம்மதி.

குறை இல்லாமல் இல்லை. விளிம்புக்குக் கீழே நான் என்ன செய்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது, 'டைட்', 'லூஸ்' என்று கத்திக்கொள்ள வேண்டும், காற்று அடித்தால் அதுவும் கேட்காது. முன்டர் முடிச்சு கயிற்றைத் திருகிவிடும், நாள் முடிவில் சுருளைப் பிரித்துத் திருகு எடுக்க அரை மணி. நடுவில் மாட்டிக்கொண்டால் அவளால் என்னை மேலே தூக்க முடியாது, கீழேதான் இறக்க முடியும். அதனால் அடிவாரம் வரை போதுமான கயிறு இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிட வேண்டும். மலைத்தேனீக் கூடு இருக்கும் பாறை என்றால் மேலேயும் வேண்டாம் கீழேயும் வேண்டாம், வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். சித்திரையில் காலை ஒன்பதுக்கு மேல் உச்சியில் உட்காருவதும் தண்டனைதான், ஏறுபவருக்கு இல்லாவிட்டாலும் பிலே செய்பவருக்கு.

அவள் ஏற, நான் பிடிக்கும் கதையை யாரும் பேசுவதில்லை. கனமான ஆள் பிடித்தால் பாதுகாப்பு என்று நினைப்பு. லீடில் 47 கிலோ விழுந்து 84 கிலோ அசையாமல் நின்றால், கயிறு சட்டென்று நின்று அவள் பெண்டுலம் போலப் பாறைக்குள் வீசப்படுவாள், முதலில் அடிபடுவது கணுக்கால். அங்கே நான்தான் கயிறு இறுகும் தருணத்தில் ஒரு அடி முன்னால் எட்டு வைத்து, லேசாகக் குதித்துக் கொடுக்க வேண்டும். கிரிகிரியை விட ஏடிசி இந்த இடத்தில் மென்மை, கொஞ்சம் வழுக்கிப் பிடிக்கும், ஆனால் கை பழகியிருக்க வேண்டும். ஓம் மாட்டியிருந்தால் ஆள் மாறும்போது கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிடி இன்னும் கடினமாகிவிடும்.

சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் வீடுகளுக்கு இதே பிரச்சினை வேறு மாதிரி வரும். உள்ளரங்கத்தில் பெரியவருக்காகக் குழாயில் கூடுதல் சுற்றுப் போட்ட கயிற்றில் 20 கிலோ பையனை ஏற்றினால், இறக்கும்போது வரமாட்டான், பாதியில் தொங்கிக்கொண்டு அழுவான். சுற்றை எடுத்துவிட்டு ஏற்றுங்கள். வெளியில் சாய்வுப் பாறையில் முன்டரில் பிடித்தாலும் இதே கதை நடக்கலாம், அவன் எடை கயிற்றை இழுக்கப் போதாது. யாராவது ஒருவர் அவனோடு கூடவே இன்னொரு கயிற்றில் இறங்கிவர வேண்டியிருக்கும், அதையும் காலையிலேயே யோசித்து இரண்டாவது கயிற்றை எடுத்துவையுங்கள்.