கொண்டைக்கடலை வாடலுக்கு எந்த விதை: வீட்டு விதையா, அன்னிகேரியா, ஜேஜி 11-ஆ?

போன கார்த்திகையில் கயத்தாறு பக்கம் சித்தப்பாவின் கரிசல் துண்டில் கொண்டைக்கடலை திட்டுத் திட்டாகத் தலை தொங்கியது. ஈரம் பத்தவில்லை என்றுதான் நினைத்தோம், ஆனால் மண்ணைத் தோண்டி எடுத்தால் கையில் உருண்டை பிடிக்கிறது. அப்புறம் ஒரு செடியைப் பிடுங்கித் தண்டை அடியிலிருந்து நெடுக்காகப் பிளந்தால் உள்ளே கறுப்பாக ஒரு கோடு. ஃபியூசேரியம் வாடல். வேர் வழியாக நுழைகிற பூஞ்சணம் தண்ணீர் ஏறும் குழாயையே அடைத்துவிடுகிறது, கீழே எவ்வளவு ஈரம் இருந்து என்ன பிரயோசனம்.

இந்த ஐப்பசிக்கு எந்த விதை என்று வீட்டில் பெரிய பேச்சு. சித்தப்பா வீட்டு விதைக் கட்சி. காசு மிச்சம், சரி. ஆனால் நோய் விழுந்த வயலில் எடுத்த விதையிலேயே பூஞ்சணம் ஒட்டிக்கொண்டு வரும். மண்ணிலோ கடலையே போடாவிட்டாலும் ஆறு வருஷம்வரை உயிரோடு கிடக்கும் என்கிறார்கள், அதனால் இரண்டு வருஷம் உளுந்து போட்டுவிட்டுத் திரும்பினால் சரியாகிவிடும் என்ற கணக்கும் உதவாது.

அன்னிகேரி 1 கர்நாடகத்து ரகம், 1978-ல் வந்தது. அங்கே அதன் மேல் தனிப் பிரியம், ஆனால் வாடலுக்கு முதல் ஆளாகப் படுத்துவிடும். அதையே டபிள்யூஆர் 315 என்ற எதிர்ப்பு ரகத்தோடு கலந்து சூப்பர் அன்னிகேரி 1 என்று 2019-ல் அறிவித்தார்கள். நல்ல வேலைதான், ஆனால் அதில் ஏற்றியிருப்பது நாலாம் இன வாடலுக்கான எதிர்ப்பு. இந்தப் பூஞ்சணத்தில் எட்டு இனம் உண்டு, நம் மண்ணில் இருப்பது எது என்று தெரியாமல் பெயரை மட்டும் நம்பி வாங்க எனக்குத் தயக்கம்.

என் ஓட்டு ஜேஜி 11-க்கு. ஜபல்பூர் வேளாண் பல்கலைக்கழகமும், பட்டான்செருவில் இருக்கிற இக்ரிசாட் என்ற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து கொண்டுவந்தது, 1999-ல் வெளியானது. ஆந்திரக் கரிசலில் அன்னிகேரியைப் பெருமளவு ஓரங்கட்டியதே இதுதான். நூறு நாளுக்குள் முடிந்துவிடுகிறது, பின்பருவ ஈரத்தை மட்டும் நம்பி இருக்கிற நம் மானாவாரிக்கு அது பெரிய விஷயம். வெள்ளைக் கடலைதான் வேண்டும் என்றால் காக் 2 இருக்கிறது, அதுவும் வாடலைத் தாங்கும், பருப்பு பெரிசு என்பதால் ஏக்கருக்கு விதை எடை கூடும்.

விதைக்கடை அண்ணாச்சி "இதைப் போட்டா நோயே வராது, தம்பி" என்றார். அங்கேதான் எனக்கு ஒத்துவரவில்லை. வாடலைத் தாங்குகிற ரகம் உலர் வேரழுகலைத் தாங்கும் என்று அர்த்தமில்லை, அது வேறு பூஞ்சணம். காய் பிடிக்கிற நேரத்தில் ஈரம் வற்றி வெயில் முப்பது டிகிரியைத் தாண்டினால் செடி வைக்கோல் நிறமாகும், பிடுங்கினால் ஆணிவேர் சுள்ளிபோல ஒடியும். நம் சீமையில் தை மாதமே வெயில் ஏறிவிடுவதால், ரொம்பப் பிந்தி விதைத்தால் இதில் மாட்டுவோம். முந்தி விதைத்தால் மண் சூட்டில் வாடல் கூடும். ஐப்பசிக் கடைசியை நான் பிடித்துக்கொள்வது அதனால்தான்.

விதை நேர்த்தி, அதாவது விதைக்குமுன் விதையில் மருந்து கலப்பது, ரகத்துக்கு மாற்று இல்லை, வேலி மாதிரி. கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சணத்தை அடக்குகிற நல்ல பூஞ்சணம்), ஏக்கருக்கு 30 கிலோ விதை என்றால் 120 கிராம், அவ்வளவுதான் செலவு. கார்பன்டசிம் என்ற பூஞ்சணக்கொல்லி என்றால் கிலோவுக்கு 2 கிராம். இரண்டையும் ஒரே விதையில் போடுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன், மருந்து நல்ல பூஞ்சணத்தையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

இக்ரிசாட்டில் நோய் ஊறிய நிலத்தில் ஜேஜி 62 என்ற வாடலுக்கு உடனே சாகிற ரகத்தை இடையிடையே விதைப்பார்கள். அது செத்து, பக்கத்து வரிசை நின்றால்தான் எதிர்ப்பு உண்மை. அதையே சித்தப்பாவிடம் சொல்லி, ஜேஜி 11-க்கு நடுவில் அவருடைய விதை இரண்டு சால் என்று பேசி முடித்தேன். "ரெண்டு சால் பத்தாது, நாலு விடு" என்றார்.