எல்இடி தெருவிளக்கு: எங்கள் ஊரில் ஓராண்டு எரிந்த பிறகு

பால் சொசைட்டிக்குக் காலை ஐந்து மணிக்கே கேனைத் தூக்கிக்கொண்டு நடப்பவள் நான். தெருவிளக்கின் அருமை என்னைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும்.

முன்பு இருந்தது 40 வாட் டியூப் லைட். மின்னழுத்தம் குறைந்த இரவுகளில் இரண்டு முனைகளும் சிவந்து கிடக்குமே தவிர, குழாய் பற்றாது. மழைக்காலத்தில் ஸ்டார்ட்டர் போய்விட்டால் வாரக்கணக்கில் இருட்டுதான். இப்போது 20 வாட் எல்இடி. ஊர்த் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் டேங்க் ஆபரேட்டர் மாலையில் சுவிட்சைப் போட்ட கணமே எல்லா விளக்கும் எரிகிறது. கார்த்திகை மாதத்தில் ஒருநாள், கட்டுவிரியன் ஒன்று பாதையைக் கடப்பதைப் பத்தடி தள்ளியே பார்த்து நின்றுவிட்டேன். அதற்காகவே இந்த விளக்கை வாழ்த்துவேன். குறை என்றால், ஒரு கம்பம் விட்டு ஒரு கம்பத்தில்தான் மாட்டியிருக்கிறார்கள். வெளிச்சம் நேர்கீழே வட்டமாக விழுகிறது. புளியமரத்துத் திருப்பம் இன்னும் இருட்டு.

ஆனால் விளக்கு புதிதே தவிர, அதைத் தாங்கும் கம்பமும் கம்பியும் பழையவை. மின்சாரம் வரும் பேஸ் கம்பி மூன்று, அது திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பி ஒன்று, தெருவிளக்குக்கென்றே ஐந்தாவதாக ஒன்று. ஐந்தும் தொய்ந்து தொங்குகின்றன. ஆடிக் காற்றில் ஒன்றோடொன்று உரசிப் பொறி கொட்டும். நேர்கீழே எங்கள் வைக்கோல் போர். காற்று வீசிய இரவுகளில் குடத்தில் தண்ணீரை வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறேன். மின் அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்த பிறகு வந்த லைன்மேன் நல்ல மனிதர். மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஏறி, கம்பிகள் நெருங்காதபடி பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளை இடையில் கட்டினார். அதன்பின் பொறி இல்லை. உங்கள் தெருவிலும் கம்பி உரசினால் இதைக் கேட்டு வாங்குங்கள். நீங்களே கழியால் தள்ளிவிட முயலாதீர்கள்.

கம்பத்துக்குத்தான் இன்னும் வழி பிறக்கவில்லை. அடியில் சிமெண்ட் பெயர்ந்து, துருவேறிய உள்கம்பி முழங்கால் உயரத்துக்குத் தெரிகிறது. ஆகஸ்ட் 15 கிராம சபையில் எழுந்து சொன்னேன். தீர்மான நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

விளக்குக்கு ஐந்தில் நான்கு கொடுப்பேன். கம்பத்துக்கும் கம்பிக்கும் ஒன்று, அதுவும் அந்த லைன்மேனுக்காக. புதுக் கம்பம் வரும்வரை, ஆட்டை அதில் கட்டாதே என்று பேரனிடம் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.